மிளா வேட்டைக்கு எந்த ஸ்கோப்? 30 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரை

மெல்பர்னுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, துப்பாக்கி உரிமமும் வேட்டை உரிமமும் கைக்கு வந்துவிட்டன, .308 போல்ட் ரைஃபிள் ஒன்றும் வாங்கியாகிவிட்டது, விக்டோரியா மலைக்காட்டில் மிளா வேட்டைக்குப் போகப்போகிறேன், 30 மீட்டரிலிருந்து 200 மீட்டர் வரைதான் சுடுவேன், கடைக்காரர் 4-16×50 ஸ்கோப் (ரைஃபிள்மேல் மாட்டும் தொலைநோக்கி; நான்கிலிருந்து 16 மடங்கு வரை பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மில்லிமீட்டர்) எடுக்கச் சொல்கிறார், கூட வரும் நண்பர் 3-9×40 போதும் என்கிறார், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவை படித்தபோது அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. அதிக மடங்கு பெரிதாகக் காட்டுவதுதானே நல்ல ஸ்கோப், காசு இருக்கும்போது ஏன் குறைந்ததை வாங்கவேண்டும் என்பதுதான் உங்களை உறுத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நில அளவைக் கருவிகளும் பைனாகுலரும் பழுதுபார்க்கும் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. தியோடலைட் குழாயைப் பிரித்து, லென்ஸைத் துடைத்து, குறுக்குக்கோட்டை மறுபடி மையத்துக்குக் கொண்டுவருவது என் அன்றாடப் பிழைப்பு. ரைஃபிள் ஸ்கோப்பும் உள்ளுக்குள் அதே சாதிதான். வேட்டைக்குப் போவது பதின்மூன்று வருடமாக. பெரும்பாலும் மான்ஸ்ஃபீல்ட், ஜேமிசன், டார்கோ பக்கத்து ஈரக்காடுகளில், நடந்து தேடும் வேட்டை. நாய்களோடு போகும் வேட்டைக்கு மூன்று முறைதான் போயிருக்கிறேன். 250 மீட்டருக்கு அப்பால் எந்த விலங்கையும் சுட்டதில்லை. அதனால் நீண்ட தூரம் பற்றி நான் ஏதாவது சொன்னால் அதை எடைபோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸைப் பற்றிச் சொல்வதைத் தயங்காமல் நம்பலாம்.

முதலில் விலங்கைப் பார்ப்போம். நம்மூரில் மிளா, கடமான் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் மரை என்பார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை வேட்டையாடத் தடைவிதிக்கிறது. விக்டோரியாவிலோ அது 1860களில் வெளியிலிருந்து கொண்டுவந்து காட்டில் விடப்பட்ட விலங்கு. பெருகி மலைத்தொடர் முழுக்கப் பரவிவிட்டது. நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அது ஒளிந்துகொள்வதைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். பகலில் சரிவிலுள்ள பெரணிப் புதரிலும் பிளாக்பெர்ரி முள்ளிலும் படுத்துக்கிடக்கும். விடிகருக்கலிலும் அந்திக் கருக்கலிலும் ஓடைப்பக்கமும் வெட்டவெளி ஓரத்துக்கும் மேய வரும். நீங்கள் நெருங்குவது தெரிந்தால்கூட அசையாமல் நிற்கும். 25 மீட்டருக்கு வந்த பிறகு புதரைக் கிழித்துக்கொண்டு பாயும்.

ஆகவே உங்களுக்குக் கிடைக்கப்போவது இரண்டே வகை வாய்ப்பு. ஒன்று, பள்ளத்தாக்கின் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவில் மேயும் மிளாவை 120, 150, 200 மீட்டரில் பார்ப்பது. அப்போது உட்காரலாம், பையின்மேல் ரைஃபிளைச் சாத்தலாம், மூச்சை நிதானப்படுத்தலாம். இன்னொன்று, 20 முதல் 40 மீட்டருக்குள், மரங்களுக்கு நடுவே, இரண்டு மூன்று விநாடி. முதல் வகைக்குச் சந்தையிலுள்ள உருப்படியான எந்த ஸ்கோப்பும் போதும். எதை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது வகை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

என் முதல் ஸ்கோப் 6-24×50. இலக்குச் சுடும் மைதானத்தில் அதுபோல் சுகமானது எதுவும் இல்லை, 100 மீட்டரில் தோட்டா போட்ட ஓட்டையே தெரியும். ஜேமிசன் பக்கம் ஒரு மழைநாள் காலை, ஓடையைத் தாண்டி மேலேறும்போது வலப்பக்கம் முப்பதடி தூரத்தில் கிளை முறியும் சத்தம். ரைஃபிளைத் தோளில் வைத்துப் பார்த்தால் குழாய் முழுக்கப் பழுப்பு மயிர். ஈரமான மயிர், ஒவ்வொரு இழையும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது தோளா, வயிறா, தொடையா, எந்தப் பக்கம் தலை, எதுவும் தெரியவில்லை. ஸ்கோப் எட்டு மடங்கில் இருந்தது. ஆறுக்குக் குறைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. விசையைத் தொடவில்லை. அது நடந்து புதருக்குள் போய்விட்டது. ஊருக்கு வந்ததும் அந்த ஸ்கோப்பை இலக்கு சுடும் ரைஃபிளுக்கு மாற்றிவிட்டேன்.

கணக்காகச் சொன்னால் இது பார்வைப் பரப்பு, அதாவது குழாய்க்குள் எத்தனை மீட்டர் அகலம் தெரிகிறது என்பது. இதை 100 மீட்டர் தூரத்துக்கு அளந்து பெட்டிமேலேயே போட்டிருப்பார்கள். 4-16 வகையில் நான்கு மடங்கில் எட்டு, ஒன்பது மீட்டர் இருக்கும். 3-9×40இல் மூன்று மடங்கில் சுமார் 11 மீட்டர். 2-7×33இல் இரண்டு மடங்கில் 14, 15 மீட்டர். 1-6×24 வகையில் ஒரு மடங்கில் 35 முதல் 40 மீட்டர் வரை. தூரம் குறையக் குறைய இதுவும் அதே விகிதத்தில் சுருங்கும். 30 மீட்டரில் நிற்கும் மிளாவை 4-16 வழியாகப் பார்த்தால் இரண்டரை மீட்டர் அகலம்தான் தெரியும். மிளாவின் நீளமே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். 2-7 என்றால் நாலேகால் மீட்டருக்கு மேல். விலங்கு தெரியும், அதைச் சுற்றியுள்ள மரம் தெரியும், அது எங்கே போகப்போகிறது என்பது தெரியும். பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா என்பதும் தெரியும். எனவே ஸ்கோப் வாங்கும்போது முதல் எண்ணைப் பாருங்கள், இரண்டாவது எண் அப்புறம். முதல் எண் இரண்டரைக்கு மேல் போகவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நண்பர் சொல்லும் மூன்று எல்லைக்கோட்டில் இருக்கிறது. அதை வைத்து இந்தக் காட்டில் நிறைய மிளா விழுந்திருக்கின்றன, தவறான ஆலோசனை என்று சொல்லமாட்டேன். கடைக்காரர் சொல்லும் நான்கு உங்கள் காட்டுக்கு ஒத்துவராது.

மேல் எண் எவ்வளவு வேண்டும்? ஆறு மடங்கில் 200 மீட்டர் தூரத்து விலங்கு, வெறும் கண்ணுக்கு 33 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 33 மீட்டரில் நிற்கும் மிளாவின் முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைக்க உங்களுக்குக் கஷ்டமா? அதன் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவு. இரண்டாம் உலகப் போரில் சோவியத் குறிசுடுவோர் மோசின் ரைஃபிளில் வைத்திருந்த பியூ ஸ்கோப் வெறும் மூன்றரை மடங்கு; அதை வைத்து அவர்கள் சுட்ட தூரம் நம்முடையதைவிட மிக அதிகம். 16 மடங்கு வைத்தால் விலங்கு மட்டும் பெரிதாவதில்லை, உங்கள் கை நடுக்கமும் நாடித்துடிப்பும் அதே அளவுக்குப் பெரிதாகும். சரிவில் ஏறி மூச்சு வாங்கும்போது குறுக்குக்கோடு கும்மியடிப்பதைப் பார்த்துப் பதறி, விசையைச் சட்டென்று இழுத்துவிடுவார்கள். காயத்தோடு ஓடும் மிளாவை முள்ளுக்குள் இருட்டும்வரை தேடிய ஒருவருக்குத்தான் அதன் வேதனை புரியும். நான் தேடியிருக்கிறேன். அது ஒருமுறை போதும்.

அடுத்தது வெளிச்சம், இதில்தான் கடைப்பேச்சு அதிகம். விக்டோரியாவில் மானைச் சூரியோதயத்துக்கு அரைமணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரைமணி பின்புவரை மட்டுமே வேட்டையாடலாம். அந்த இரண்டு அரைமணிகளில்தான் மிளா வெளியே வரும். அதனால் மங்கிய வெளிச்சத்தில் ஸ்கோப் எப்படி என்பது உண்மையிலேயே முக்கியம். முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் வருவது, கண்பக்கம் வெளியேறும் ஒளிக்கற்றையின் அகலம். 40 மில்லிமீட்டர் லென்ஸை ஆறு மடங்கில் வைத்தால் 6.7 மில்லிமீட்டர். இளம் வயதில் கண்ணின் பாவை இருட்டில் ஏழு மில்லிமீட்டர் வரை விரியும். ஐம்பது வயதைத் தாண்டினால் பலருக்கு ஐந்தோடு நின்றுவிடும். பாவையைவிட அகலமான கற்றை வந்து பயனில்லை, மிச்சம் உங்கள் கருவிழியில் பட்டு வீணாகும். ஆக, 33 லென்ஸை ஐந்து மடங்கில் வைத்தால் 6.6, 24 லென்ஸை நாலில் வைத்தால் ஆறு, 50 லென்ஸை எட்டில் வைத்தால் 6.25. எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மங்கலாகத் தெரிந்தால் மடங்கைக் குறையுங்கள், வெளிச்சம் கூடும். ஆறு மடங்குக்கு மேல் தேவையில்லாத உங்களுக்கு 50 லென்ஸ் சுமக்கும் காரணமே இல்லை.

லென்ஸின் விட்டத்தைவிட அதன்மேல் உள்ள பூச்சுதான் பெரிய விஷயம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் நான்கு சதவீதம் ஒளி திரும்பிப் போய்விடும். ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்பாவது இருக்கும். கணக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வந்தே சேராது. 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகே இது மாறியது. இன்றைய நல்ல பலஅடுக்குப் பூச்சில் ஒரு பரப்புக்கு அரை சதவீதமோ அதற்கும் குறைவோதான் இழப்பு. திரும்பிப்போகும் ஒளி குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒரு வெண்மூட்டமாகப் பரவுவது இன்னும் மோசம். அஸ்தமன வானத்தை நோக்கிய சரிவில், மரநிழலில் நிற்கும் கருத்த மிளாவைத் தேடும்போது அந்த மூட்டம் அதை அப்படியே விழுங்கிவிடும். பட்டறையில் விலை மலிந்த குழாய்களைப் பிரித்தால், உட்சுவர் சரியாகக் கறுப்படிக்காமல் பளபளப்பாக இருக்கும். காரணம் அங்கேயும் இருக்கிறது.

30 மில்லிமீட்டர் குழாய் என்றால் அதிக வெளிச்சம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன் லென்ஸ். குழாய் பருமனானால் உள்ளே குறுக்குக்கோட்டை நகர்த்த இடம் கூடும், அவ்வளவுதான், 25.4 மில்லிமீட்டர் குழாய் 200 மீட்டருக்குத் தாராளம். அந்திக் காரணி என்று ஓர் எண்ணையும் விவரத்தாளில் போடுவார்கள். மடங்கையும் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. அதில் கண்ணாடியின் தரத்துக்கு இடமே இல்லை. மலிவான 8×56க்கும் மிக உயர்ந்த 8×56க்கும் அதே 21தான் வரும். நான் அதைப் பார்ப்பதே இல்லை.

குறுக்குக்கோடு விஷயத்தில் ஒன்று நிச்சயம், ஒன்று விவாதத்துக்குரியது. நிச்சயமானது: ஓரங்களில் தடித்து நடுவில் மெலிந்த சாதாரணக் குறுக்குக்கோடே உங்களுக்கு வேண்டியது, அதுவும் பின் தளத்தில் இருப்பது. முன் தளம், பின் தளம் என்பது குறுக்குக்கோடு பெரிதாக்கும் லென்ஸ்களுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே. முன் தளத்தில் இருந்தால் மடங்கு கூடும்போது கோடும் தடிக்கும், குறைக்கும்போது கோடும் மெலியும். நீண்ட தூரத்தில் அளவு பார்த்துச் சுடுவோருக்கு அது வசதி. உங்களுக்கோ இரண்டு மடங்கில், கருக்கலில், புதருக்குள் கோடு பளிச்சென்று தெரியவேண்டும். முன்தளக் கோடு அப்போது சிலந்தி நூல்போல் காணாமல் போகும். விவாதத்துக்குரியது, நடுவில் ஒளிரும் சிவப்புப் பொட்டு. நான் அதை விரும்புகிறேன். கறுப்புக் கோடு கருத்த உடம்பில் கரைந்துபோகும் கடைசிப் பத்து நிமிடத்தில் அது எனக்கு உதவியிருக்கிறது. என்னைவிட அதிக மிளா சுட்ட ஒருவர், தடித்த கோடு இருந்தால் பொட்டு எதற்கு, பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. வாங்குவதானால் பொட்டின் ஒளி மிகக் குறைந்த நிலைக்கு இறங்குகிறதா என்று இருட்டில் பாருங்கள். பகலுக்கென்று வைத்த வெளிச்சம் அந்தியில் கண்ணைக் கூசவைத்து, விலங்கையே மறைத்துவிடும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள இடைவெளியை யாரும் கேட்பதில்லை, ஆனால் .308 உதைக்கும். 90 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும். சரிவில் மேல்நோக்கிச் சுடும்போது தலை தானாக முன்னுக்குப் போகும். அப்போதுதான் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கண்ணாடி அணிபவராக இருந்தால் இன்னும் கவனம். மடங்கைக் கூட்டும்போது இந்த இடைவெளி சில ஸ்கோப்களில் வெகுவாகக் குறையும், எனவே உச்ச மடங்கில் வைத்தும் பார்த்துவிடுங்கள்.

இடமாறு தோற்றப்பிழை (parallax) பற்றிக் கடையில் பயமுறுத்துவார்கள், பக்கத்தில் ஒரு திருகு வைத்த ஸ்கோப்பை விற்பதற்காக. கண் மையத்திலிருந்து விலகினால் குறுக்குக்கோடும் இலக்கின்மேல் விலகித் தெரியும் என்பதுதான் இது. தியோடலைட் வேலையில் எனக்கு இது பெரிய தலைவலி. வேட்டையில் இல்லை. பெரும்பாலான வேட்டை ஸ்கோப்களை 100 மீட்டரையொட்டிச் சரிசெய்தே அனுப்புகிறார்கள். 40 லென்ஸில், கண் கடைசி ஓரத்துக்கே போனாலும் 50 மீட்டரில் பிழை ஒரு சென்டிமீட்டர், 200 மீட்டரில் இரண்டு. தட்டளவு இலக்குக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தத் திருகு வேண்டாம். கருக்கலில் எங்கே திருப்பிவைத்தோம் என்ற குழப்பம்தான் மிஞ்சும். குறியை மேலும் கீழும் நகர்த்த மேலே நிற்கும் உயரத் திருகுக்கு மூடி கட்டாயம் இருக்கவேண்டும். நண்பர் ஒருவரின் மூடியில்லாத திருகு முள்ளில் உரசி ஒரு முழுச்சுற்று சுற்றியிருந்தது, அவர் கவனிக்கவில்லை. அதில் ஒரு சுற்றுக்கு 60 கிளிக், அதாவது திருகு நகரும் 60 சின்னப் படிகள். 100 மீட்டரில் கிட்டத்தட்ட 43 சென்டிமீட்டர் விலகல். நல்லவேளை, தோட்டா மிளாவின் முதுகுக்கு மேலே போய் மண்ணில் புதைந்தது.

சரி, எதை வாங்குவது? நடந்து தேடும் வேட்டைக்கு, பள்ளத்தாக்கின் குறுக்கேயும் சில சமயம் சுடுபவருக்கு, 2-7×33 அல்லது 2-10×42 வகை. என் ரைஃபிளில் இப்போது இருப்பது 2-7. லியூபோல்ட் நிறுவனத்தின் 2-7×33 எடை 300 கிராமைச் சற்றே தாண்டும். 4-16×50 வகைகள் அதைப்போல் இரண்டு மடங்கு. நாள் முழுக்கச் சரிவு ஏறி இறங்கியபின் அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும். அடர்காட்டிலேயே பெரும்பாலும் சுற்றுவேன், 100 மீட்டருக்கு மேல் அரிது என்றால் 1-6×24, அல்லது நன்றாகச் செலவழிக்க முடிந்தால் ஸ்வரோவ்ஸ்கியின் 1-8×24. ஒரு மடங்கில் இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே சுடலாம். இந்த இரண்டு வகையில் எது மேல் என்று தீர்ப்புச் சொல்லமாட்டேன். நீங்கள் போகும் காட்டின் அடர்த்தி சொல்லட்டும். வெறும் சிவப்புப் பொட்டுக் கருவி நாய்களோடு போகும் வேட்டைக்கு ஏற்றது, ஆனால் கண்ணில் சிதறல்பார்வை (astigmatism) இருப்பவர்களுக்குப் பொட்டு வால்முளைத்த நட்சத்திரமாகத் தெரியும். அது கருவியின் கோளாறு இல்லை, முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

எந்த ஸ்கோப் வாங்கினாலும் கூடவே ஒரு பைனாகுலர் வாங்குங்கள், 8×30 போதும். பட்ஜெட் போதாவிட்டால் ஸ்கோப்பில் குறைத்துப் பைனாகுலரை வாங்குங்கள். நான் இதை வற்புறுத்தியே சொல்கிறேன். புதர் அசைகிறது, என்னவென்று பார்ப்போம் என்று ஸ்கோப்பைத் தூக்கினால், குண்டு ஏற்றிய ரைஃபிளையும் சேர்த்துத்தான் அந்தப் பக்கம் நீட்டுகிறீர்கள். அந்தக் காட்டில் மற்ற வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், மலையேறுபவர்கள், மீன்பிடிப்பவர்கள், முகாமிட்ட குடும்பங்கள் இருக்கிறார்கள். ஒருமுறை பைனாகுலரில் பார்த்த பழுப்பு அசைவு, குனிந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த மனிதர். தேடுவதும் அடையாளம் காண்பதும் பைனாகுலரின் வேலை. அது மிளாதான், பின்னால் தோட்டாவைத் தாங்கும் மண்மேடுதான் என்று உறுதியான பிறகே ரைஃபிள் தோளுக்கு வரவேண்டும்.

விலையைப் பொறுத்தவரை ஒரு விஷயம் என் தொழில் அனுபவத்தில் அழுத்தமாகச் சொல்லமுடியும். ஒரே விலையில் 2-7 ஒன்றும் 4-16 ஒன்றும் இருந்தால், 2-7க்குள் இருக்கும் கண்ணாடி மேலானதாக இருக்க வாய்ப்பு அதிகம். மடங்கின் வீச்சு கூடக்கூட லென்ஸ் கூடும், நகரும் பாகம் கூடும், அந்தக் காசு கண்ணாடித் தரத்திலிருந்துதான் பிடிபடும். மிக மலிந்ததிலிருந்து நடுத்தரத்துக்கு ஏறும்போது வித்தியாசம் கண்ணுக்கு அடிக்கும். நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்கு ஏறும்போது பணம் பல மடங்கு போகும், வித்தியாசம் கடைசி ஐந்து பத்து நிமிட வெளிச்சத்தில் மட்டும் தெரியும். கடை விளக்கில் எல்லா ஸ்கோப்பும் அழகாகத்தான் இருக்கும். ஜூன் மாதம் மெல்பர்னில் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். கடை மூடும் நேரத்துக்குப் போய், ரைஃபிளில் மாட்டாத தனி ஸ்கோப்பை வாசலில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். எதிர்ச்சுவரின் நிழலடியில் இருக்கும் செங்கல் இடுக்கு எதில் தெரிகிறது, தெருவிளக்கு எதில் மூட்டமாகப் பரவுகிறது என்று இரண்டு மூன்றை மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடம் எந்த விவரத்தாளும் சொல்லாததைச் சொல்லும்.

பொருத்துவதில் பலர் கோட்டைவிடுகிறார்கள். ரைஃபிளில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் நகரும் தண்டு) எடுத்துவிடுங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள், ஸ்கோப் துப்பாக்கிக் குழலைத் தொடாத அளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும். கன்னம் ரைஃபிள் கட்டையில் பதிந்தபடியே முழு வட்டமும் தெரியவேண்டும். குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் பொருத்தி, கண்ணைத் திறங்கள். கறுப்பு விளிம்பு தெரிந்தால் ஸ்கோப்பை முன்பின் நகர்த்துங்கள். அப்புறம் ரைஃபிளை ரசமட்டம் வைத்து நேராக்கி, பத்தடி தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள், கொத்தனார் வைத்திருப்பது போதும். நிற்கும் கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்து, திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். வளையத் திருகுக்கு இரண்டு நியூட்டன் மீட்டரையொட்டிய முறுக்கமே பெரும்பாலும் வேண்டியிருக்கும், வளையத்தோடு வரும் தாளில் சரியான எண் இருக்கும். பலம் காட்டி முடுக்கினால் குழாய் நசுங்கும்; உள்ளே லென்ஸ் தாங்கி இறுகி நிற்கும் ஸ்கோப்கள் பட்டறைக்கு நிறைய வந்திருக்கின்றன.

கண்பக்க வளையத்தைத் திருப்பிக் குறுக்குக்கோட்டைக் கூர்மையாக்குவதையும் வீட்டிலேயே செய்யுங்கள். வெள்ளைச் சுவரையோ சூரியன் இல்லாத பக்கத்து வானத்தையோ பாருங்கள், இரண்டு விநாடிக்கு மேல் பார்க்காதீர்கள். நீண்ட நேரம் பார்த்தால் கண் தன்னைத்தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். பார்த்த மாத்திரத்தில் கோடு கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள்.

மைதானத்தில் முதல் குண்டு 25 மீட்டரில். போல்ட்டை எடுத்துக் குழல் வழியாக இலக்கைப் பார்த்து, ரைஃபிள் அசையாமல் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டால் தோட்டா வீணாகாது. பிறகு 100 மீட்டர், மூன்று மூன்றாகச் சுட்டு, குழல் ஆறவிட்டு. கால் கோணநிமிடக் கிளிக் (ஒரு பாகையை அறுபதாக்கினால் வருவது கோணநிமிடம்) ஒன்று 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர். 25 மீட்டரில் அதே நகர்வுக்கு நான்கு கிளிக் வேண்டும், புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். 150 கிரெய்ன் (தோட்டாவின் எடை அளவு) தோட்டா என்றால் 100 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் மேலே படும்படி வையுங்கள். 180 மீட்டரையொட்டி நேராகப் படும், 225 மீட்டரில் எட்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே போகும். அதாவது 200 மீட்டர் வரை நடுவில் குறிவைத்தால் போதும், திருகைத் தொடவே வேண்டாம். மிளாவுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் .270 அங்குல விட்டமும் 130 கிரெய்ன் எடையும், உங்கள் .308 அதைத் தாண்டியே நிற்கிறது. ஆனால் 150இலிருந்து 180க்கு மாறினால் குறியை மறுபடி பார்க்கவேண்டும். பெட்டி மாற்றும் ஒவ்வொரு முறையும் மூன்று குண்டு மைதானத்துக்கு ஒதுக்குங்கள்.

காட்டுக்குள் நுழைந்ததும் மடங்கு வளையத்தை இரண்டில் வைத்துவிடுங்கள், நடக்கும்போதெல்லாம் அங்கேயே இருக்கட்டும். எதிர்ச்சரிவில் மிளா தெரிந்தால் ஐந்துக்கோ ஆறுக்கோ திருப்ப உங்களுக்கு நேரம் இருக்கும். காலடியில் கிளை முறியும்போது இருக்காது.